ஞாபக சக்திக்கு மருந்து

பழைய பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால், ஞாபக சக்தியை விருத்தி செய்யும் லேகியங்களுக்கும் மாத்திரைகளுக்கும் குறைவே இராது. பரீட்சைக்குப் போகும் பையன் முதல், சாவிக் கொத்தை இடுப்பில் செருகிக் கொண்டே வீடெல்லாம் தேடும் பாட்டி வரையில், எல்லாருக்கும் அந்த மருந்து தேவையாயிருந்தது. மேற்படி லேகியங்களால் விருத்தியடைந்தது அவற்றை விற்றவர்களின் பணப் பெட்டிதான் என்று சொல்லுகிறவர்களும் உண்டு.

ஆனால் ஒரே ஒரு பிராணிக்கு மட்டும் ஞாபக சக்தியை உண்மையிலேயே கடையில் வாங்கலாம். ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுள்ள பட்டையாக அதைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, கால் மணி நேரத்தில் பொருத்தி விடலாம். அந்தப் பிராணி, நம் வீட்டு மேஜை மேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்தான்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்து நான்கு. 2014-ம் வருஷத்தில், மகனுடைய எஞ்சினீயரிங் படிப்புக்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மகன் படித்து முடித்து உத்தியோகத்துக்குப் போய்விட்டான். யந்திரம் அப்பாவிடமே தங்கிவிட்டது. அவர் தமது பூர்வீகக் கிராமத்தின் சரித்திரத்தை அதில் எழுதத் தொடங்கினார். ஏரி, கோயில், பள்ளிக்கூடம், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்ற உள்ளூர்க்காரர்கள் என்று அறுநூறு பக்கங்கள் வளர்ந்துவிட்டன. மாலையில் பேத்தி அதே யந்திரத்தில் பாடம் படிப்பாள்.

சென்ற ஆண்டு அந்த யந்திரத்துக்கு ஒரு விபரீத வியாதி வந்தது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போக வேண்டுமானால் காப்பி போட்டுக் குடித்துவிட்டு வரலாம் என்ற நிலைமை ஏற்பட்டது. பேத்தி பாடத்தைத் திறந்தால் தாத்தாவின் சரித்திரம் உறைந்து போகும். தாத்தா சரித்திரத்தைத் திறந்தால் பேத்தியின் ஆசிரியை வாயைத் திறந்தபடியே சிலையாக நிற்பார். பழுது பார்க்க வந்தவர் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு ஐயா! தூக்கிப் போட்டுட்டு வேறே வாங்கிடுங்க. நாற்பதாயிரத்திலே நல்லதா வரும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியர் அன்று மாலை என்னிடம் வந்தார். நாற்பதாயிரம் ரூபாய் என்பது அவருடைய பென்ஷனில் சாமானியத் தொகையல்ல. ஆனால் அவரை அதிகமாக வருத்தியது தொகையன்று. "வயசாயிடுச்சு என்கிறது ஒரு வியாதியின் பெயரா, ஸார்? எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார்.

மிகவும் நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காத காரணத்தால் எத்தனையோ வீடுகளிலிருந்து நல்ல யந்திரங்கள் பழைய சாமான் கடைக்குப் போய்க் கொண்டிருக்கின்றன. ஆகவே அதற்கு விடை காண்போம்.

சமையல் மேடையும் உக்கிராண அறையும்

கம்ப்யூட்டருக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்து கொள்ள, ஒரு கலியாண வீட்டுச் சமையற்கட்டை எண்ணிக் கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, காய்கறி முதலிய சகல பண்டங்களும் உக்கிராண அறையில் இருக்கின்றன. சமையற்காரர் மேடைக்கு எதிரில் நிற்கிறார். வேண்டிய பண்டங்களை உக்கிராண அறையிலிருந்து எடுத்து வந்து மேடையில் பரப்பிக் கொண்டால்தான் கை ஓடும்.

கம்ப்யூட்டரில் உக்கிராண அறை என்பது ஹார்டு டிஸ்க். தலைமையாசிரியரின் அறுநூறு பக்கங்களும், குடும்பப் புகைப்படங்களும் அதில்தான் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் அவை போகா. சமையற்காரர் என்பது பிராசஸர். மேடை என்பதுதான் நாம் இங்கே பேசும் ஞாபக சக்தி. ராண்டம் ஆக்ஸஸ் மெமரி என்ற நீண்ட பெயரைச் சுருக்கிக் கடைக்காரர்கள் இதை 'ராம்' என்கிறார்கள். "இந்த யந்திரத்துக்கு ராம் போதவில்லை" என்று நான் சொன்னதும், தலைமையாசிரியரின் மனைவி, "இந்த வீட்டிலே தினம் விடியற்காலையில் ராம நாமந்தானே சொல்கிறேன்? அதற்கு என்ன குறைச்சல்?" என்று கேட்டுவிட்டார்!

மேடை சிறியதாயிருந்தால் என்ன ஆகும்? சமையற்காரர் சாம்பாருக்கு வேண்டியதைப் பரப்புகிறார். பாயசத்துக்குப் பண்டம் வைக்க இடமில்லை. சாம்பார்ச் சாமானை உக்கிராண அறைக்குத் திருப்பி எடுத்துப் போகிறார். பாயசச் சாமானைக் கொண்டு வருகிறார். மறு நிமிஷம் சாம்பார் பொங்குகிறது, மறுபடியும் ஓட்டம். சமையற்காரர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருடைய காலமெல்லாம் நடையிலேயே போய்விடுகிறது. நமது யந்திரம் காப்பி குடிக்கும் நேரம் எடுத்துக் கொள்ளுவதற்குப் பெரும்பாலும் இந்த வீண் நடைதான் காரணம்.

ஓட்டைக் குடத்தின் கதை

இந்த ராம் என்னும் பொருள் ஒரு விசித்திரமான படைப்பு. மின்சாரத்தை நிறுத்தியவுடன் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பது பலருக்குத் தெரியும். மின்சாரம் இருக்கும்போதே அது ஓயாமல் மறந்து கொண்டிருக்கிறது என்பது தெரியாது.

1966-ம் வருஷத்தில், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்து வந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் இதைக் கண்டுபிடித்தார். அக்காலத்தில் சில்லில் ஒரு செய்தித் துளியை நினைவில் வைக்க ஆறு டிரான்ஸிஸ்டர்கள் வரை தேவைப்பட்டன. ஒரே ஒரு டிரான்ஸிஸ்டரும், மின்சாரத்தைப் பிடித்து வைக்கும் கப்பாஸிட்டர் என்னும் சிறு குடமும் போதும் என்று டென்னார்டு கண்டார். குடம் நிறைந்திருந்தால் ஒன்று, காலியாயிருந்தால் பூஜ்யம். 1968-ல் இதற்குப் பேட்டண்டு உரிமை கிடைத்தது. 1970-ல் இண்டெல் கம்பெனி 1,024 துளிகள் கொண்ட ஞாபகச் சில்லை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

குடம் சிறியது, ஆனால் ஓட்டைக் குடம்! நிரப்பிய மின்சாரம் ஒரு நொடிக்குள் கசிந்துவிடக் கூடும். ஆகவே கசிவதற்கு முன்பே ஒவ்வொரு குடத்தையும் பார்த்துத் திரும்பவும் நிரப்ப வேண்டும். பொதுவாக 64 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல், எல்லாக் குடங்களும் நிரப்பப்படுகின்றன. 8 ஜி.பி. ராமில் சுமார் 6,870 கோடிக் குடங்கள் இருக்கின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், நம் வீட்டுக் குழாயடியில் நின்று தண்ணீர் பிடிப்பது அப்படியொன்றும் பெரிய கஷ்டமல்ல என்று தோன்றும்.

நமது தேசத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில், ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் நமது விஞ்ஞானிகள் தாங்களே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கினார்கள். 1960-ல் அது வேலை செய்யத் தொடங்கியது. 1962-ல் பண்டித நேரு அதற்கு 'டிப்ராக்' என்று பெயரிட்டார். அதனுடைய ஞாபக சக்தி, ஒவ்வொன்றும் 40 துளிகள் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் 10 கே.பி.! இன்று ஒரு வீட்டில் இருக்கும் 8 ஜி.பி. பட்டையின் ஞாபகத்தைச் சேர்க்க வேண்டுமானால், எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட டிப்ராக் யந்திரங்களை வரிசையாக நிறுத்த வேண்டும். அந்தப் பத்து கே.பி.யை வைத்துக் கொண்டே அவர்கள் விஞ்ஞானக் கணக்குகளைப் போட்டார்கள். இருப்பதை நன்றாய் உபயோகிப்பது எப்படி என்று அவர்களிடம் நாம் கற்றுக் கொள்ளலாம்.

நாடி பார்த்தல்

நிற்க. மருந்துக்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும். விண்டோஸ் உள்ள யந்திரமானால், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒரு சேர அழுத்துங்கள். டாஸ்க் மானேஜர் என்னும் வைத்தியர் தோன்றுவார். அவரிடம் பெர்பார்மன்ஸ் என்ற இடத்தில் மெமரி என்பதைப் பாருங்கள். வழக்கமான வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக் கொண்டு பார்ப்பது முக்கியம். நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று காட்டினால் மேடை போதவில்லை. நாற்பது, ஐம்பது என்றிருந்தால் வியாதி வேறு. ராம் வாங்குவது வீண் செலவு.

தலைமையாசிரியரின் யந்திரத்தில் இருந்தது 4 ஜி.பி. அதில் தொண்ணூற்றிரண்டு சதவிகிதம் நிரம்பியிருந்தது. பட்டை செருகுவதற்கு இரண்டு பள்ளங்கள் உண்டு என்றும், ஒன்றுதான் உபயோகத்தில் இருக்கிறது என்றும் அதே இடத்தில் தெரிந்தது. பதினொரு வருஷமாக ஒரு நாற்காலி காலியாகவே காத்துக் கொண்டிருந்திருக்கிறது!

இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். யந்திரத்தில் இருக்கும் விண்டோஸ் 32 பிட் வகையானால், அதனால் 4 ஜி.பி.க்கு மேல் உபயோகிக்க முடியாது. அதை 64 பிட் வகையாக மாற்றாமல் பட்டையை மட்டும் கூட்டுவது, ஒரு படி அரிசி வேகும் பானையில் இரண்டு படி போடுவதற்கு ஒப்பாகும்.

அடுத்தது ஜாதகப் பொருத்தம். ராம் பட்டைகளில் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர். 3 என்பது 2007 முதலும், டி.டி.ஆர். 4 என்பது 2014 முதலும் புழக்கத்துக்கு வந்தன. டி.டி.ஆர். 5-ன் விதிமுறைகள் 2020-ல் வெளியாயின. மூன்றாவது தலைமுறைக்கு 1.5 வோல்ட்டு, நான்காவதற்கு 1.2, ஐந்தாவதற்கு 1.1. ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. தவறிப் போய்க்கூடப் பொருந்தக் கூடாது என்பதற்காகவே, பட்டையின் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறையிலும் ஒவ்வோர் இடத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. மடிக் கம்ப்யூட்டருக்கு உரியது நீளத்தில் குட்டையான வேறு பட்டை. தாய்ப் பலகை எவ்வளவு ஞாபகத்தைத் தாங்கும் என்பதற்கும் எல்லை உண்டு. அதன் கைப் புத்தகத்தில் போட்டிருக்கும். நம்முடைய யந்திரத்துக்கு வேண்டியது டி.டி.ஆர். 3, எல்லை 16 ஜி.பி.

பழைய பட்டையைப் போலவே இன்னொரு 4 ஜி.பி. வாங்குவது என்று தீர்மானித்தோம். அளவொத்த இரண்டு பட்டைகள் இருந்தால், பிராசஸர் இரண்டு வாய்க்கால்களின் வழியாக ஏக காலத்தில் செய்தியைப் பெற முடியும். வேகம் மாறுபட்ட இரண்டைச் சேர்த்தால், மெதுவாகப் போகிறவனுக்காக மற்றவனும் மெதுவாகவே நடப்பான்.

2025-ம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தப் பட்டைகளின் விலை உலகமெங்கும் கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பிரம்மாண்டமான கம்ப்யூட்டர் நிலையங்கள் ஞாபகச் சில்லுகளை வாரிக் கொண்டு போனதே காரணம். சில்லறை வாடிக்கையாளருக்காக நடத்தி வந்த 'குரூஷல்' வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பர் மாதத்தில் அறிவித்தது. நல்ல வேளையாக, நாங்கள் தேடியது பழைய தலைமுறைச் சரக்கு. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், ஏற்கனவே உபயோகித்த பட்டை ஒன்று கிடைத்தது. ரசீது வாங்கிக் கொண்டு, வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவதாக வாக்கும் வாங்கிக் கொண்டோம். குடும்பத்தோடு ஒரு நாள் ஓட்டலுக்குப் போய் வரும் செலவுதான் ஆயிற்று.

ரண சிகிச்சை

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிகிச்சை நடந்தது. பேத்திதான் வைத்தியர், தலைமையாசிரியர் விளக்குப் பிடித்தார். பட்டையை மாற்றுவதால் ஹார்டு டிஸ்க்கில் உள்ளதற்குப் பங்கம் வராது. ஆனாலும் பேத்தி முதல் நாளே சரித்திரம் முழுவதையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வைத்திருந்தாள். அறுநூறு பக்கங்களுக்கு அதுவரையில் பிரதி ஒன்றுகூட இல்லை என்று தெரிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

யந்திரத்தை நிறுத்தினாள். மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். பிறகு யந்திரத்தின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரத்தையும் வடிய விட்டாள். பக்கத் தகட்டைக் கழற்றியதும் பதினொரு வருஷத்துத் தூசி தரிசனம் தந்தது. மெல்லிய தூரிகையால் அதை நீக்கினாள். பட்டையைத் தொடுமுன் பெட்டியின் உலோகப் பாகத்தை ஒரு தடவை தொட்டாள். நம் உடம்பில் சேரும் நிலை மின்சாரம் நமக்குத் தெரியாமலே சில்லைக் கொன்றுவிடக் கூடும். அதனால்தான் பட்டையை ஓரங்களில் பிடிக்க வேண்டும். தங்க நிறமுள்ள பற்களில் விரல் படக் கூடாது.

காலிப் பள்ளத்தின் ஓரத்திலுள்ள கொக்கியைத் திறந்து, வெட்டும் மேடும் நேராக இருக்கும்படி பட்டையை வைத்து அழுத்தினாள். தகட்டை மூடிப் பொத்தானை அழுத்தினாள். விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் அமாவாசை இருட்டாகவே இருந்தது!

தலைமையாசிரியர் ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். பழுது பார்ப்பவரின் தீர்ப்பு எல்லாருடைய காதிலும் மறுபடி ஒலித்தது.

ஆனால் பேத்தி பதறவில்லை. மறுபடியும் மின்சாரத்தைத் துண்டித்தாள். பட்டையின் ஒரு முனை சரியாக இறங்கவில்லை. அதை எடுத்து, பள்ளத்தை ஊதாமல் தூரிகையால் துடைத்து, மீண்டும் வைத்து, இரண்டு முனைகளையும் கட்டை விரல்களால் சமமாக அழுத்தினாள். 'டக்' என்று சப்தம் கேட்டது. கொக்கி தானாகவே மூடிக் கொண்டது. புதுப் பட்டை போட்டவுடன் திரை வராமற் போவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். இரண்டாந் தடவை பொத்தானை அழுத்தியபோது திரை பளிச்சென்று வந்தது. மெமரி என்ற இடத்தில் 8 ஜி.பி. அன்று இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்னும் சோதனையை ஓட விட்டோம். ஒரு பிழையும் இல்லை.

தாத்தாவின் சரித்திரமும் பேத்தியின் பாடமும் இப்போது சேர்ந்தே திறந்திருக்கின்றன. டாஸ்க் மானேஜர் காட்டுவது ஐம்பத்தைந்து சதவிகிதம்.

மருந்துக்கு அடங்காதவை

எல்லா வியாதியும் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் நானும் லேகியக்காரர்களின் கூட்டத்தில் சேர்ந்தவனாவேன். காலையில் யந்திரம் விழித்தெழும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. மேடையை அகலப்படுத்தினால் உக்கிராண அறையின் கதவு வேகமாகத் திறக்காதல்லவா? அதற்கு, சுழலும் ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு வகை டிஸ்க்கைப் போட வேண்டும். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோஸாப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11, இவ்வளவு பழைய பிராசஸரைத் தன் ஜாதியில் சேர்த்துக் கொள்வதில்லை. ஞாபகத்தைக் கூட்டினாலும் இந்த விதி மாறாது. லினக்ஸ் என்னும் இலவச அமைப்பைப் போடலாம். தமிழில் எழுதவும் பாடம் படிக்கவும் அது தாராளமாய்ப் போதும், 8 ஜி.பி.யில் சௌகரியமாகவே ஓடும். விடுமுறையில் அதைச் செய்வதாகப் பேத்தி வாக்களித்திருக்கிறாள்.

1924-ம் வருஷத்தில் ஜி. ராமச்சந்திரன் மகாத்மாவிடம், "தாங்கள் எல்லா யந்திரங்களுக்கும் விரோதியா?" என்ற கருத்துப்படக் கேட்டார். அப்போது காந்திஜி, விலக்காக எடுத்துச் சொன்னது ஸிங்கர் தையல் யந்திரத்தைத்தான். மனிதனை அடிமை கொள்ளாமல் அவன் சிரமத்தைக் குறைக்கும் யந்திரத்தை அவர் வெறுக்கவில்லை. தையல் யந்திரத்துக்கு நம் வீட்டுப் பெண்மணிகள் தாங்களே எண்ணெய் விட்டார்கள், ஊசி மாற்றினார்கள், இரண்டு தலைமுறைக்கு அது உழைத்தது. கம்ப்யூட்டரை மட்டும், மூடியைத் திறந்தே பாராமல், தெரு ஓரத்தில் வைக்கலாமா? அதிலுள்ள ஈயமும் மற்ற உலோகங்களும் மண்ணில் கலந்தால் விஷம். உலகத்தின் ராம் சில்லுகளில் மிகப் பெரும் பங்கை மூன்றே அந்நியக் கம்பெனிகள் செய்கின்றன. பணம் கொடுத்து வரவழைத்த பொருளை அதன் ஆயுள் முடியும் வரையில் உபயோகிப்பதும் ஒரு விதத்தில் சுதேசி விரதந்தான்.

சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைமையாசிரியர் ஏரியைப் பற்றிய அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டிருந்தார். ஏரியில் வண்டல் சேர்ந்தபோதெல்லாம் ஊரார் அதைத் தூர் வாரிக் கொண்டார்களே தவிர, வேறு ஏரி வெட்டப் போகவில்லை என்று எழுதியிருந்தார். திடீரென்று மின்சாரம் போய்விட்டது. 6,870 கோடிக் குடங்களும் ஒரு நொடியில் காலி!

"தாத்தா! கரை உடைந்தபோது ராத்திரியில் மண் மூட்டை தூக்கியவர்கள் யார் யார் என்று சொன்னீர்களே, அதைச் சேமித்தீர்களா?" என்று பேத்தி கேட்டாள்.

"சேமிக்கவில்லை, அம்மா" என்றார் தலைமையாசிரியர். பிறகு அந்த இருட்டிலே, பதினேழு பேருடைய பெயர்களையும், அவரவர் தகப்பனார் பெயரோடு, ஒன்று விடாமல் சொன்னார். பேத்தி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டாள்.